பாசி ஏடு கட்டிய ஏரியில் ஃப்ளூரோமீட்டர் குறைவாகக் காட்டியபோது

கரையோரம் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் நீலப்பச்சைப் பாசி ஏடு கட்டியிருந்தது. ஒளிர்வை அளக்கும் கையடக்க ஃப்ளூரோமீட்டரோ, இந்தப் பாசியின் நீல நிறமியான ஃபைகோசயனின் குறைவு என்றது. கருவி பழுதென்று நினைத்து அரை நாள் வீணானது. கருவியில் கோளாறே இல்லை.

ஏடு கட்டியிருந்த நீலப்பச்சைப் பாசியான மைக்ரோசிஸ்டிஸ் தனித்தனி செல்லாக மிதப்பதில்லை. வழவழப்பான உறைக்குள் திரளாக வளரும். வெளிச் செல்கள் உள்ளே இருப்பவற்றை மறைத்துவிடும். மாதிரி மிக அடர்த்தியாக இருந்தால், கருவியின் ஒளியும் திரும்பி வரும் ஒளிர்வும் நீருக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். சோதிப்பது எளிது: 1 பங்கு மாதிரிக்கு 9 பங்கு வடிகட்டிய ஏரிநீர் சேர்த்து, கிடைக்கும் அளவை 10-ஆல் பெருக்குங்கள். முதல் அளவைவிடப் பெரிய எண் வந்தால் முதல் அளவு பொய். திரள் நகர நகர எண்ணும் எகிறும் என்பதால், குவெட்டை (மாதிரி ஊற்றும் சிறு குப்பியை) மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். நேர்வெயிலில் கிடந்த மாதிரியை முதலில் 20 நிமிடம் இருட்டில் வையுங்கள். வடிநீரே நீலமாக இருந்தால் செல்கள் ஏற்கெனவே வெடித்திருக்கின்றன; அந்த வடிநீரை பிளாங்க்காகவோ (பூஜ்ய அளவுக்கான ஒப்பீட்டு நீராகவோ) நீர்ப்பதற்கோ பயன்படுத்தினால் கணக்கு கெடும்.

ஃபைகோசயனின் நச்சு அல்ல. நச்சைக் கண்டறிய, இந்தப் பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சுக்கான சோதனை ஸ்ட்ரிப்தான் வேண்டும். பெரிய ஏமாற்றம் அங்கேதான் காத்திருந்தது: சோதனைக் கோடு பளிச்சென்று வந்தது, அதாவது நச்சு இல்லை. (இந்த ஸ்ட்ரிப்பில் நச்சு கூடக் கூடக் கோடு மங்கும். தலைகீழாகப் படித்துவிடாதீர்கள். கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் அந்த ஸ்ட்ரிப்பே செல்லாது.) செல்களை உடைக்கும் படியைத் தவறவிட்டதுதான் காரணம். உயிருள்ள பாசியில் நச்சின் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே இருக்கும். ஸ்ட்ரிப் நீரில் கரைந்ததை மட்டும்தான் பிடிக்கும்.

அதே மாதிரியை மூன்று முறை உறையவைத்து உருக்கினோம். கண்ணாடிக் குப்பிதான் வேண்டும், பிளாஸ்டிக்கில் நச்சு ஒட்டிக்கொள்ளும். பாதிக்கு மேல் நிரப்பினால் உறையும்போது விரிசல் விடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஸ்ட்ரிப் உறையை அறைச்சூட்டுக்கு வந்தபிறகே பிரிக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் கோர்க்கும்.

இம்முறை கோடு முழுக்க மறைந்தது. நச்சு ஸ்ட்ரிப்பின் உச்ச வரம்பையே தாண்டிவிட்டது. பத்து மடங்கு நீர்த்தபிறகுதான் மங்கலாக ஒரு கோடு எழுந்தது.