டைல்ஸ் கொத்தனார் தேர்வு: இரண்டாம் தடவை தேறியவன் சொல்வது

பதினான்கு வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறேன். ஊர் மேலூர் பக்கம். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. தாய்மாமாவோடு கையாளாகப் போய் மூன்றாம் வருடம் கரண்டி பிடித்தேன். ஒத்தக்கடை, ஆனையூர், திருப்பரங்குன்றம் என்று நான் தரை போட்ட வீடுகள் நூறைத் தாண்டும். ஆனாலும் டைல்ஸ் கொத்தனார் திறன் தேர்வில் முதல் தடவை நான் தேறவில்லை. எதில் விட்டேன், பிறகு எப்படிப் பிடித்தேன் என்று எழுதுகிறேன். அடுத்து போகிற தம்பிகள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

ஐ.டி.ஐ.யில் சேர்ந்து முறையாகப் படிப்பது ஒரு வழி. வயது குறைவாக இருந்தால் அதுதான் நல்லது. குடும்பம் ஆகிவிட்டவன் அத்தனை நாள் வேலையை விட முடியாது. அவர்களுக்கென்று ஆர்.பி.எல். இருக்கிறது. ஏற்கெனவே கையில் இருக்கிற தொழிலைச் சோதித்துப் பார்த்துச் சான்று தருவது. 2015இல் தொடங்கிய பிரதமர் கௌஷல் விகாஸ் யோஜனாவில் இதுவும் ஒரு பகுதி. நம் பிரிவுக்கு அதில் ‘மேசன் டைலிங்’ என்று பெயர். பெரிய சைட்டுகளிலும் வெளிநாட்டு வேலைக்கும் இந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள். எங்கள் மையத்தில் சில நாள் வகுப்பு நடந்தது. பிறகு சரியான விடையைக் குறிக்கும் எழுத்துத் தேர்வு, செய்முறை, கடைசியில் வாய்மொழிக் கேள்வி.

செய்முறையில் ஆறடிக்கு நாலரை அடி இடம் கொடுத்தார்கள். இரண்டு பக்கம் சுவர், கல் (டைல்ஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இரண்டடிக்கு இரண்டடி. பார்த்ததும் மனதுக்குள் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றியது. சுவர் மூலையில் முழுக் கல்லை வைத்து அடித்துக்கொண்டே போனேன். கடைசி வரிசைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, சுவர் மூலைமட்டத்தில், அதாவது செங்கோணத்தில், இல்லை. வெட்டுத் துண்டு ஒரு முனையில் ஆறரை அங்குலம், மறுமுனையில் ஐந்தரை. மேலே நின்று பார்த்தால் கோணல் பளிச்சென்று தெரிகிறது.

அது போதாதென்று, தேர்வாளர் குனிந்து நான் அப்போதுதான் ஒட்டியிருந்த ஒரு கல்லைக் கரண்டியால் நெம்பித் தூக்கினார். கல்லின் முதுகைத் திருப்பிக் காட்டினார். நான்கு மூலையில் நான்கு உருண்டை, நடுவில் ஒன்று. அந்த ஐந்து இடத்தில் மட்டும்தான் பசை பிடித்திருந்தது. மற்ற இடமெல்லாம் கல் பளபளவென்று கடையில் வாங்கியபடியே இருந்தது.

“தம்பி, இது மேல பீரோவை நகர்த்தினா என்ன ஆகும்?”

“உடையும் சார்.”

“தெரிஞ்சுமா இப்படி ஒட்டுறீங்க?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாமா அப்படித்தான் ஒட்டினார், நானும் அப்படியே ஒட்டினேன். தேர்வு சோதிப்பது இந்த இடத்தைத்தான். கல் நேராக நிற்கிறதா என்று வீட்டுக்காரர் பார்ப்பார். தேர்வாளர் கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது, அதை ஏன் செய்தாய் என்று பார்ப்பார்.

அடுத்த தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. ஒவ்வொரு சைட்டையும் பாடமாக்கிக்கொண்டேன்.

முதலில் மூலைமட்டம். ஒரு சுவரோரம் மூன்றடி, அடுத்த சுவரோரம் நான்கடி குறியுங்கள். குறுக்கே அளந்தால் சரியாக ஐந்தடி வர வேண்டும். வராவிட்டால் சுவரை நம்பாதீர்கள், நடுவில் நூல் கட்டி அதை நம்புங்கள். பிறகு பசை இல்லாமல் கல்லை வெறுமனே பரப்பிப் பாருங்கள். எனக்குக் கொடுத்த நாலரை அடியில் மூலையிலிருந்து தொடங்கினால் இரண்டு முழுக் கல்லும் ஒரு ஒல்லித் துண்டும் வரும். நடுவில் ஒரு முழுக் கல்லை வைத்தால் இரண்டு பக்கமும் பதினைந்து அங்குலத் துண்டு வரும், பாதிக் கல்லுக்கு மேல். சுவர் கோணல் இரண்டு பக்கத்துக்கும் பிரிந்துபோய்க் கண்ணில் படாது. இதற்கு ஆகும் நேரம் கால்மணி. தேர்வில் இந்தக் கால்மணிக்குப் பயப்படாதீர்கள்.

பசையில் நான் கற்றது அதிகம். தரைக்குப் போடுகிற விட்ரிஃபைட் கல் தண்ணீர் குடிப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் சிமென்ட் பால் அதன் முதுகில் ஊறிப் பிடிப்பதில்லை, தனிப் பசை வேண்டும். ஊற வைக்கவும் கூடாது. பாத்ரூம் சுவருக்குப் போடுகிற செராமிக் கல் தண்ணீர் குடிக்கும், சிமென்ட் கலவையில் ஒட்டுவதாக இருந்தால் அதை ஊற வைத்தே ஆக வேண்டும். இந்த வித்தியாசத்தை எழுத்துத் தேர்விலும் கேட்டார்கள், வாய்மொழியிலும் கேட்டார்கள்.

வாளியில் முதலில் தண்ணீர், அதில் தூள். கலக்கி ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி கலக்க வேண்டும். இறுகினால் மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது. பல் கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுத்து, கல்லை வைத்துக் கோட்டுக்குக் குறுக்காக லேசாக அசைத்து அழுத்தினால் கோடுகள் படுத்து காற்று வெளியேறும். நம்மூர் அக்னி நட்சத்திர வெயிலில் பசை சீக்கிரம் ஆடை கட்டிவிடும். விரலால் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நாலைந்து கல்லுக்கு ஒரு தடவை ஒன்றைத் தூக்கி முதுகைப் பாருங்கள். தேர்வாளர் தூக்குவதற்கு முன்னால் நீங்களே தூக்குவது நல்லது.

கணக்கில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் விழுகிறார்கள். நாம் அடியில் பேசுகிறோம், கேள்வித்தாள் மில்லிமீட்டரில் பேசுகிறது. இரண்டுக்கு இரண்டு என்று நாம் சொல்கிற கல் உண்மையில் 600 மி.மீ., அதாவது இருபத்துமூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். நான்கு கல் உள்ள பெட்டி 16 சதுர அடி இல்லை, 15.5 சதுர அடிதான். இருபதுக்குப் பதின்மூன்று ஹால் 260 சதுர அடி. சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 286. பதினாறால் வகுத்தால் 18 பெட்டி போதும் என்று வரும். 15.5ஆல் வகுத்தால் 19 வேண்டும். அந்த ஒரு பெட்டிக்காகப் பிறகு கடைக்குப் போனால் அதே ஷேடு, அதே பேட்ச் எண் கிடைக்காமல் ஹால் நடுவே நிறம் மாறி நிற்கும். எனக்கு இது அவனியாபுரத்தில் ஒரு வீட்டில் நடந்தது. அந்த அம்மா முகம் இன்னும் நினைவிருக்கிறது. என் மனைவி பன்னிரண்டாவது படித்தவள். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இப்படிப் பத்துக் கணக்கு போடுவாள், நான் செய்வேன். ஒரு மாதத்தில் பயம் போய்விட்டது.

வாட்டம் பற்றிய கேள்வி நிச்சயம் வரும். பாத்ரூமுக்கு அடிக்குக் கால் அங்குலம். ஆறடி தூரத்துக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம்.

பாதுகாப்புக் கேள்விகளை நான் முதல் தடவை லேசாக எடுத்துக்கொண்டேன். அது தவறு. மதிப்பெண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை. கட்டர் மெஷினில் காய்ந்த கல்லை அறுக்கும்போது பறக்கிற வெள்ளைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது, சிலிக்கோசிஸ் என்கிற அந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. தண்ணீர் விட்டு அறுங்கள், முகத்துக்குக் கைக்குட்டை போதாது, சரியான மாஸ்க் வேண்டும். மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் போய்விட்டது. சம்மணம் போட்டு உட்கார முடியாது, கோயில் படி ஏற முடியாது. முழங்கால் பேட் வாங்காத ஆள் என் கையில் இன்று யாரும் இல்லை.

இரண்டாம் தடவை செய்முறை முடிந்ததும் வேறொரு தேர்வாளர் ஒவ்வொரு கல்லாகச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனார். அடியில் வெற்றிடம் இருந்தால் ‘டொப்’ என்று பானைச் சத்தம் வரும், நிறைந்திருந்தால் இறுக்கமான சத்தம். முழுவதும் ஒரே சத்தமாக வந்தது. பிறகு உட்கார வைத்துக் கேட்டார்: “திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணுல ஒரு வீடு. தரை ஒரு வருஷத்துல தூக்கிட்டு நிக்குது. கல்லு மேல தப்பா, உங்க மேல தப்பா?”

கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும் என்றேன். அடித்தரைக்குக் கீழே கிராவல் போட்டு இடித்திருந்தார்களா என்று முதலில் கேட்பேன், பிறகு சுவரோரம் இடைவெளி விட்டிருந்தேனா என்று என்னையே கேட்பேன் என்றேன். எவ்வளவு இடைவெளி என்றார். சுவரடியில் ஒட்டுகிற ஸ்கர்ட்டிங் பட்டை மறைக்கிற அளவுக்கு, எட்டு மில்லிமீட்டர் என்றேன். அடியில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொன்னதைக் கவனித்து லேசாகத் தலையாட்டினார்.

கடைசியாக ஆத்தங்குடி கல்லைப் பற்றி ஒரு கேள்வி. கண்ணாடி மேல் வண்ண சிமென்ட் ஊற்றிச் செய்வது, சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறியே இறுகுகிறது. அதனால் ஒட்டிய பிறகு கறை போக ஆசிட் ஊற்றினால் மேல் வண்ணமே போய்விடும் என்றேன். காரைக்குடிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

தேர்வன்று உங்கள் கரண்டி, ரசமட்டம், நூல், முழங்கால் பேட் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அங்கே கொடுக்கிற ரசமட்டத்தை வாங்கினால் ஒரே இடத்தில் இரண்டு பக்கமும் திருப்பி வைத்துக் குமிழி ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.