எல்இடி ஒளியில் புற்றுநோய் செல்கள்: எத்தனை பிழைத்தன என்று கேட்கும் முன்

ஒளியியக்கச் சிகிச்சை பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் ஒளி மூலத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி: "635 நானோமீட்டர் எல்இடி, 10 நிமிடம்." அடுத்த பக்கத்தில் செல்களின் பிழைப்பு விகிதம் மட்டும் தசமப் புள்ளியோடு வந்து நிற்கும். செல் இருக்கும் இடத்தில் எத்தனை மில்லிவாட் விழுந்தது என்று தெரியாவிட்டால் அந்தத் தசமத்துக்கு மதிப்பே கிடையாது. வேறொரு ஆய்வகம் அதே சோதனையைச் செய்து வேறு விடை பெற்றால், செல் மாறியதா, மருந்து மாறியதா, விளக்கு மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பதிவு பெரும்பாலும் விளக்கைப் பற்றியதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒளியை ஈர்க்கும் ஒரு மருந்து, அதற்குப் பொருந்தும் அலைநீளத்தில் ஒளி, ஆக்சிஜன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் செல் சாகும். 1900-இல் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயத்தில் இருந்த பாரமீசியங்கள் என்ற ஒற்றைச் செல் உயிர்கள் வெளிச்சத்தில் மட்டும் விரைவாகச் சாவதைக் கவனித்தார். கதை அங்கே தொடங்குகிறது. இன்று ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது 5-அமினோலெவுலினிக் அமிலம், சுருக்கமாக ஏஎல்ஏ. தோலில் வரும், புற்றுநோயாக மாறக்கூடிய ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்ற சொரசொரப்புத் திட்டுகளுக்கு அமெரிக்காவில் 1999-இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஏஎல்ஏ தானாக ஒளியை ஈர்ப்பதில்லை. செல் அதை ஹீம் என்ற இரும்புச் சேர்மத்தைத் தயாரிக்கும் பாதையில் எடுத்துக்கொண்டு புரோட்டோபோர்ஃபிரின் 9 ஆக மாற்றுகிறது. அதில் இரும்பைச் சேர்த்து ஹீமாக்கும் வேலை ஃபெரோகீலடேஸ் நொதியுடையது. பல புற்றுநோய் செல்களில் இந்த நொதியின் வேகம் போதாததால் போர்ஃபிரின் மைட்டோகாண்ட்ரியாவில் தேங்குகிறது. ஒளி பட்டதும் அங்கேயே ஒற்றை நிலை ஆக்சிஜன் என்ற வீரியம் மிக்க ஆக்சிஜன் வடிவம் உருவாகிறது. நீரில் அதன் ஆயுள் சுமார் 3.5 மைக்ரோ நொடிதான். பிறந்த இடத்தைத் தாண்டி அதிக தூரம் போகாமல் அங்கேயே சேதம் செய்கிறது.

புரோட்டோபோர்ஃபிரின் மிக வலுவாக ஒளியை ஈர்ப்பது 405 நானோமீட்டரை ஒட்டி. 635-க்கு அருகே இருப்பது ஒரு சிறிய முகடு, முதலாவதை விட இருபது முப்பது மடங்கு சிறியது. ஆனால் நீல ஒளி திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதே கடினம். சிவப்பு சில மில்லிமீட்டர் வரை இறங்கும். மருத்துவமனை நடைமுறையில் 417 நானோமீட்டர் நீல விளக்குக்கு 10 ஜூல்/செ.மீ² என்றும், 630-ஐ ஒட்டிய சிவப்பு எல்இடி விளக்குக்கு 37 ஜூல்/செ.மீ² என்றும் அளவு வேறுபடுவதற்கு ஈர்ப்பில் உள்ள இந்த வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம். செல்களை வளர்க்கும் குழித்தட்டான ப்ளேட்டின் அடியில் ஒற்றை அடுக்காக ஒட்டியிருக்கும் செல்லுக்கு ஆழம் ஒரு பிரச்சினையே இல்லை, எனவே நீலமும் வேலை செய்யும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. செல்கள் வளரும் ஊட்டக் கரைசலான சாதாரண கல்ச்சர் மீடியத்தில் உள்ள ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) நீல ஒளியில் ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்கும். மருந்தே போடாத செல்லும் சாகத் தொடங்கும். மீடியத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் ஃபீனால் ரெட் சாயம் வேறு தன் பங்குக்கு ஒளியைத் தின்னும். ஒளி பாய்ச்சும் நேரத்தில் மட்டும் மீடியத்தை எடுத்துவிட்டு ஃபீனால் ரெட் இல்லாத ஹாங்க்ஸ் கரைசலோ, கால்சியமும் மக்னீசியமும் கலந்த பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலோ ஊற்றுங்கள்.

சிவப்பு எல்இடி அலுமினியம் காலியம் இண்டியம் பாஸ்பைடு குறைகடத்தியில் ஆனது. நீலத்துக்கு இண்டியம் காலியம் நைட்ரைடு. 1240-ஐ 635-ஆல் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் 1.95 எலக்ட்ரான் வோல்ட் என்று வரும். ஒற்றை நிலை ஆக்சிஜனை உருவாக்கத் தேவைப்படுவது 0.98 எலக்ட்ரான் வோல்ட்தான், ஆகவே ஆற்றல் தாராளமாகப் போதும். எல்இடியின் நிறமாலை அகலம் 15 முதல் 20 நானோமீட்டர். லேசரோடு ஒப்பிட்டு இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். போர்ஃபிரினின் சிவப்பு முகடே அகலமானதுதான், எனவே இந்த வேலைக்கு அது குறையே அல்ல.

உண்மையான தொல்லை வெப்பத்தில் இருக்கிறது. சூடேறினால் சிவப்பு எல்இடியின் ஒளி வேகமாகக் குறையும், நீலத்தில் இந்தச் சரிவு குறைவு. அலைநீளமும் டிகிரிக்கு சுமார் 0.1 நானோமீட்டர் என்ற கணக்கில் நீண்ட பக்கம் நகரும். விளக்கைப் போட்ட முதல் நிமிடத்தில் 20 மில்லிவாட் காட்டிய மீட்டர் பத்தாவது நிமிடத்தில் 17 காட்டினால் காரணம் இதுதான். அலுமினியப் பலகையில் பொருத்திய எல்இடிகளைத் தெர்மல் பேஸ்ட் தடவி ஹீட்சிங்கில் இறுக்கி, பின்னால் ஒரு விசிறி வையுங்கள். 15 நிமிடம் எரியவிட்டு, அளவு நிலைத்த பிறகே ப்ளேட்டை வைக்க வேண்டும்.

96 வெல், அதாவது 96 சிறு குழிகள் கொண்ட ப்ளேட்டின் பரப்பு சுமார் 109 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிவாட் வேண்டும் என்றால் ப்ளேட்டின் மேல் 2.2 வாட் ஒளி விழ வேண்டும். பரவலாக்கும் பால்நிற அக்ரிலிக்கிலும் ஓரங்களிலும் பாதி போய்விடும் என்று வைத்துக்கொண்டால், 350 மில்லி ஆம்பியரில் ஓடும் ஒரு வாட் வகை எல்இடிகள் 16 போதும். ஒவ்வொன்றும் சுமார் 2.2 வோல்ட் எடுக்கும். நான்கு நான்காகத் தொடராக இணைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி மாறா மின்னோட்ட டிரைவர் கொடுங்கள். ஒரே டிரைவரில் நான்கு வரிசைகளையும் பக்க இணைப்பாகப் போட்டால், கொஞ்சம் அதிகம் சூடான வரிசையின் வோல்ட்டேஜ் இறங்கி, அது இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். ப்ளேட்டின் ஒரு பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் ஆகிவிடும்.

ஒளியைக் கீழிருந்து கொடுப்பதே நல்லது. மேலிருந்து கொடுத்தால் திரவத்தின் வளைந்த மேற்பரப்பு லென்ஸாக வேலை செய்து வெல்லுக்குள்ளேயே ஒளியை ஏற்றத்தாழ்வாக்கும். மூடியில் படியும் நீர்த்துளிகளும் ஒளியைச் சிதறடிக்கும். மூடியைத் திறந்து வைத்தாலோ கிருமி புகும். கீழிருந்து கொடுக்கும்போது கறுப்புச் சுவரும் தெளிவான அடியும் கொண்ட ப்ளேட் வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் முழுக்கத் தெளிவான ப்ளேட்டில் பக்கத்து வெல்லின் ஒளி கசிந்து, ஒரே ப்ளேட்டில் வெவ்வேறு அளவு கொடுக்கும் சோதனை கெட்டுப்போகும்.

அளக்க விலை உயர்ந்த மீட்டர் எப்போதும் கையில் இருக்க வேண்டியதில்லை. பிபிடபிள்யூ34 என்ற சிலிக்கான் ஃபோட்டோடயோடு போதும், அளவுத்திருத்தம் செய்த மீட்டரோடு ஒரு முறை ஒப்பிட்டுக்கொண்டால் சரி. இதன் உணர்பரப்பு 7.5 சதுர மில்லிமீட்டர். 20 மில்லிவாட்/செ.மீ² ஒளியில் இதன் மேல் விழுவது 1.5 மில்லிவாட். 635-இல் வாட்டுக்குச் சுமார் 0.4 ஆம்பியர் என்று கொண்டால் 0.6 மில்லி ஆம்பியர் வரும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டயோடின் குறுக்கே 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்து வோல்ட்டேஜைப் பார்த்தால் 0.6 வோல்ட் வர வேண்டும். ஆனால் அந்த வோல்ட்டேஜில் டயோடு தானே முன்னோக்கிக் கடத்தத் தொடங்கிவிடும். அளவு அரை வோல்ட்டுக்கு உள்ளேயே முட்டி நின்று, ஒளியை இரட்டிப்பாக்கினாலும் அசையாது. "எல்லா வெல்லிலும் ஒளி ஒரே சீராக இருக்கிறது" என்று அது பொய் சொல்லும். 100 ஓம் போடுங்கள், 60 மில்லி வோல்ட் வரும், நேர்கோட்டில் இருக்கும். 5 வோல்ட் பின்னோக்கிய பயாஸ் (எதிர்த்திசை மின்னழுத்தம்) கொடுப்பது இன்னொரு வழி.

இந்த டயோடு வெல்லுக்குள் இறங்காது, மூலைகள் இடிக்கும். பழைய ப்ளேட் ஒன்றின் சுவர்களை அறுத்தெடுத்துவிட்டு, அடித்தகட்டை மட்டும் விளக்கின் மேல் வைத்து, டயோடைக் கவிழ்த்து ஒவ்வொரு வெல் இடத்திலும் படியுங்கள். பாலிஸ்டைரீனின் இரண்டு பரப்புகளில் எதிரொளித்துப் போகும் சுமார் 10 சதவீதமும் இப்படிச் செய்தால் தானாகக் கணக்கில் வந்துவிடும். 96 எண்களையும் ஒரு அட்டவணையில் போட்டுப் பாருங்கள். ஓரங்கள் நிச்சயம் மங்கலாக இருக்கும். ஓரத்து 36 வெல்களில் ஆவியாதலும் அதிகம். அவற்றில் வெறும் பிபிஎஸ் ஊற்றிவிட்டு உள்ளே இருக்கும் 60-ஐ மட்டும் பயன்படுத்தலாம். அந்த அறுபதுக்குள் வேறுபாடு ±5 சதவீதத்துக்குள் வரும்வரை விளக்குக்கும் ப்ளேட்டுக்கும் உள்ள தூரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

செல் பக்கம் வருவோம். வெல்லுக்கு 8,000 செல்கள், 100 மைக்ரோலிட்டரில். மறுநாள் பிபிஎஸ்ஸால் கழுவி, சீரம் இல்லாத மீடியத்தில் 1 மில்லி மோலார் ஏஎல்ஏ, 4 மணி நேரம், இருட்டில். சீரம் இருந்தால் அதிலுள்ள அல்புமின், செல் தயாரித்த போர்ஃபிரினை வெளியே இழுத்துவிடும். ஏஎல்ஏ ஹைட்ரோகுளோரைடின் மூலக்கூறு எடை 167.6. 16.8 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் 100 மில்லி மோலார் கிடைக்கும், அதை நூறு மடங்கு நீர்த்தால் போதும். கரைசல் நல்ல அமிலமாக இருக்கும். மீடியத்தில் கலந்த பிறகு பிஹெச் 7.4-க்குக் கொண்டுவராவிட்டால், "மருந்து மட்டும்" கன்ட்ரோலிலேயே, அதாவது ஒளி படாத ஒப்பீட்டு வெல்லிலேயே, செல் செத்துக் கிடக்கும். நடுநிலைக்குக் கொண்டுவந்த கரைசல் விரைவில் சிதையும் என்பதால் அன்றைக்கு அன்றே தயாரிக்க வேண்டும். இந்த நேரத்திலிருந்து செல்களைக் கையாளும் ஹூட் பெட்டியின் விளக்கை அணைத்து, ப்ளேட்டை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.

20 மில்லிவாட்டில் 500 நொடி என்றால் 10 ஜூல்/செ.மீ². குழுக்கள் நான்கு: இரண்டும் இல்லாதது, மருந்து மட்டும், ஒளி மட்டும், இரண்டும் சேர்ந்தது. இருட்டு ப்ளேட்டும் அதே 500 நொடி இன்குபேட்டருக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஒரு வெல்லில் பிபிஎஸ் ஊற்றித் தெர்மோகப்பிள் நுனியை விட்டு வெப்பத்தையும் பதியுங்கள். 41, 42 டிகிரியைத் தொட்டால் வெப்பமே செல்லைக் கொல்லத் தொடங்கும், பழி ஒளியின் மேல் விழும். "ஒளி மட்டும்" வெல்லில் 100 சதவீதத்துக்கு மேல் வந்தால் உடனே பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். குறைந்த அளவு சிவப்பு ஒளி சில செல்களின் வளர்ச்சியைத் தூண்டுவது உண்டு.

ஆக்சிஜனை மறந்துவிடுவது எளிது. 100 மைக்ரோலிட்டர் திரவம் வெல்லில் 3 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். மேலே இருந்து ஆக்சிஜன் அந்த 3 மில்லிமீட்டரை ஊடுருவி அடிக்கு வர அரை மணி நேரம் ஆகும். ஒளியை அதிகப்படுத்தி நேரத்தைக் குறைத்தால், இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து, அதே ஜூலுக்கு அதிக செல்கள் பிழைக்கலாம். 20 மில்லிவாட்டில் 500 நொடி, 10 மில்லிவாட்டில் 1,000 நொடி என்று இரண்டையும் செய்து பாருங்கள். பிழைப்பு ஒன்றாக இருந்தால் ஆக்சிஜன் தடையாக இல்லை என்று நம்பலாம்.

கடைசியாகப் பிழைப்பை எண்ணும் வேலை. 24 மணி நேரம் கழித்து 0.5 மி.கி/மி.லி எம்டிடி (இயங்கும் செல் ஊதாவாக மாற்றும் ஒரு மஞ்சள் சாயம்), 3 மணி நேரம், பிறகு ஊதாப் படிகங்களை 100 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்து 570 நானோமீட்டரில் படிப்பது வழக்கம். கன்ட்ரோல் 1.10, வெற்று வெல் 0.10, சிகிச்சை பெற்றது 0.35 என்றால் 25 சதவீதம். இந்த 25-ஐ உயிரோடு இருக்கும் செல்களின் விகிதமாக எடுத்துக்கொள்வது தவறு. எம்டிடி அளப்பது செல்லின் வளர்சிதை இயக்கத்தை, அதில் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பங்கு உண்டு. ஏஎல்ஏ சிகிச்சை முதலில் தாக்குவதும் அதே மைட்டோகாண்ட்ரியாவைத்தான். அடிபட்டு மீளப்போகும் செல் சாயத்தைக் குறைவாக மாற்றும். இனிப் பெருகவே முடியாத செல் இன்னும் சில நாள் சாயத்தை மாற்றிக்கொண்டிருக்கும். 2 மணி நேரத்தில் படித்தால் சாவு முடிந்திருக்காது, 72 மணி நேரத்தில் படித்தால் மிஞ்சியவை பெருகியிருக்கும்.

ஆகவே எம்டிடியோடு காலனி சோதனையும் அவசியம். ஆய்வாளர்கள் பக் மற்றும் மார்கஸ் 1956-இல் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய் செல்களில் செய்து காட்டிய முறை இது. ஒளி கொடுத்த செல்களைப் பிரித்தெடுத்து 6 வெல் ப்ளேட்டில் அடர்த்தி குறைவாக விதைத்து, 10 முதல் 14 நாள் அசைக்காமல் விட்டு, 0.5 சதவீத கிரிஸ்டல் வயலட்டில் சாயமேற்றி, 50 செல்லுக்குக் குறையாத காலனிகளை எண்ண வேண்டும். கன்ட்ரோலில் 100 விதைத்து 70 காலனி வந்தால் விதைப்புத் திறன் 0.7. சிகிச்சை பெற்றதில் 1,000 விதைத்து 35 வந்தால் பிழைப்பு 35/700, அதாவது 5 சதவீதம். எம்டிடியால் ஓரிரு சதவீதத்துக்குக் கீழே நம்பகமாகப் பார்க்க முடியாது. காலனி சோதனை ஆயிரத்தில் ஒரு செல் வரை காட்டும், கட்டி மீண்டும் வளர்வதற்கு அந்த ஒன்றே போதும். எந்தச் செல்கள் அப்படித் தப்புகின்றன என்பதற்கும் விடைகள் உண்டு. ஏபிசிஜி2 என்ற கடத்துப் புரதம் அதிகமுள்ள செல் போர்ஃபிரினை வெளியே தள்ளிவிடும். ஃபெரோகீலடேஸ் வேகமாக வேலை செய்தால் போர்ஃபிரின் ஹீமாகிவிடும். இரும்பைப் பிடித்து வைக்கும் டெஃபெராக்சமின் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவதைப் பிரித்தறியலாம். 405-இல் ஒளியூட்டி 635-இல் வரும் ஒளிர்வை ஒளி கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். முன்பே ஒளிர்வு குறைவு என்றால் அந்தச் செல்லில் மருந்து தேங்கவில்லை. முன்பு நிறைய இருந்து பின்பும் குறையாமல் நின்றால், போய் விளக்கையும் ஆக்சிஜனையும் பாருங்கள்.