மின்கழிவைக் கொடுப்பதற்கு முன் செய்த வேலைகள்

வீடு மாறுவதற்காகச் சாமான்களை ஒழித்ததில் செத்துப்போன மின்சாதனங்கள் மட்டும் ஒரு மூலை நிறையச் சேர்ந்துவிட்டன: லேப்டாப், பழைய போன்கள், எரியாத டியூப்லைட்டுகள், பெட்டி டிவி, ஓடாத ஃபிரிட்ஜ். மின்கழிவு சேகரிப்பு மையத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் முதலில் கேட்டதே, "பேட்டரியெல்லாம் தனியா எடுத்து வச்சிருக்கீங்களா?"

லித்தியம் பேட்டரி நசுங்கினாலோ துளைபட்டாலோ உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். குப்பை வண்டியில் போட்டு அமுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கழற்ற வந்த பேட்டரிகளைக் கழற்றி, உலோக முனைகளில் டேப் ஒட்டினேன். லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தது. அதைக் கழற்றவும் வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம், லேப்டாப்போடு மணல் போட்ட தகரப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, கொடுக்கும்போது மறக்காமல் சொல்லுங்கள் என்றார்.

அதிக நேரம் பிடித்தது தகவல் அழிப்பதுதான். போனில் ரீசெட் செய்வதற்கு முன் அதில் உள்ள கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய கடவுச்சொல் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிக்கொண்டால், நல்ல நிலையில் இருக்கும் போனைக்கூட யாரும் பயன்படுத்த முடியாமல் உடைக்கத்தான் வேண்டும். ஹார்டு டிஸ்க் விஷயம் வேறு. கோப்பை நீக்கும்போது அது இருக்கும் இடத்தின் குறிப்புதான் போகிறது, தகவல் அப்படியே கிடக்கிறது. அதனால் வட்டு முழுவதும் புதிதாக எழுதி அழிக்கும் மென்பொருளை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போனேன். சுழலும் வட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இது போதாது. மேலெழுதுவது எல்லாச் சில்லுப் பகுதிகளையும் தொடுவதில்லை. தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

டியூப்லைட்டில் பாதரசம், டிவியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம். இரண்டும் உடையாமல் போய்ச் சேர்ந்தால் சரி. ஃபிரிட்ஜை நிமிர்த்தியே ஏற்றச் சொன்னார்கள். பழைய ஃபிரிட்ஜில் ஓசோனை அரிக்கும் வாயு இருக்கலாம்; புதியவற்றில் பெரும்பாலும் எரியக்கூடிய ஐசோபியூட்டேன். இரண்டையும் கருவி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும்.

நடுவில், பழைய சாமான் எடுக்கும் ஒருவர் வந்து மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்னார். கை கொஞ்சம் அரித்தது உண்மைதான். ஆனால் கம்ப்ரசரை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, செம்புக் குழாயை வெட்டினால் வந்துவிடும் என்றார். வாயு மொத்தமும் காற்றில்தான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கேட்காமல் கொடுக்கிற நாம்தானே அவருக்கு இந்தத் தொழிலை வைத்துக் கொடுத்திருக்கிறோம். உலகம் முழுக்க 2022-ல் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், பொருளைத் தயாரித்தவரே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்ற அடிப்படை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012 ஆணையிலும் இருக்கிறது, இந்தியாவின் 2022 விதிகளிலும் இருக்கிறது. அபாயகரமான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் கீழ், 2025 ஜனவரி 1 முதல் அபாயமற்ற மின்கழிவைக்கூட, வாங்கும் நாட்டின் முன்அனுமதி இல்லாமல் அனுப்பக் கூடாது. அதனால் அங்கீகாரம் பெற்ற மையமா என்று பார்ப்பதும், ரசீது வாங்குவதும் வெறும் சம்பிரதாயம் இல்லை. என் ரசீதில் "பழைய பொருட்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பொருள்வாரியாக, வரிசை எண்ணோடு வேண்டும் என்றேன். சலித்துக்கொண்டே எழுதித் தந்தார்கள்.

சார்ஜர்களும் கேபிள்களும் மட்டும் இன்னும் ஒரு பையில் இருக்கின்றன. எது எதற்குப் பொருந்துகிறது என்று பார்த்துவிட்டு, மிச்சத்தை அடுத்த முறை கொடுக்க வேண்டும்.