ஒரே மழை, இரண்டு ஓட்டம்

ருன் தீவில் மழை வந்தால் ஊர் இரண்டாகப் பிரிந்து ஓடும். பாதிப் பேர் காயப்போட்ட ஜாதிக்காயை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள்ளே. மீதிப் பேர் வாளி, அண்டா, பெயின்ட் டப்பா என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வெளியே. இரண்டு கூட்டமும் வாசற்படியில் முட்டிக்கொள்ளும்.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவின் கிழக்கே மலுக்கு மாகாணம், அதில் பண்டா தீவுகள், அதன் மேற்குக் கோடியில் ருன். நீளம் சுமார் மூன்று கிலோமீட்டர், அகலம் ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது. அம்போனிலிருந்து கப்பலில் பண்டா நெய்ராவுக்கு வந்து, அங்கிருந்து மரப்படகில் இரண்டு மணி நேரம் போகவேண்டும். ஊர்ப் படகு காலையில் ருன்னிலிருந்து நெய்ரா சந்தைக்குப் போகும், மதியத்துக்கு மேல் திரும்பும். அதனால் காலையில் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு சாயங்காலம் வந்துவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் படகில் அரிசி மூட்டை, முட்டை அட்டை, சிமென்ட், பிளாஸ்டிக் நாற்காலிகள், பெட்ரோல் கேன்கள். ஒரு கேனில் சாய்ந்துகொண்டு ஒருவர் நிம்மதியாகச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். என் மனைவி வழிநெடுக அவர் விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு அவளுக்கும் ஒரு சிகரெட்டை நீட்டினார்.

கரையிலிருந்து படிக்கட்டு படிக்கட்டாக மேட்டில் ஏறுகிற ஊர். பிள்ளைகள் "ஹலோ மிஸ்டர்!" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தார்கள். என் மனைவிக்கும் மிஸ்டர்தான். இந்தியா என்று சொன்னதும் பெரியவர்களும் சேர்ந்துகொண்டு, தலையை ஆட்டி ஆட்டி "அச்சா! அச்சா!" என்றார்கள். அடுத்து, கேட்கவே வேண்டாம், ஷாருக் கான். ஜகார்த்தாவில் வேலை பார்ப்பதால் பாஷையைக் கொஞ்சம் ஒப்பேற்றுவேன். நாங்கள் தெற்கே தமிழ்நாடு, எங்கள் பக்கம் ரஜினி என்று ஒருவர் இருக்கிறார் என்று விளக்கினேன். நாங்கள் தங்கிய வீட்டு இபு, அதாவது வீட்டு அம்மா, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அவருக்கு ஷாருக் கானைத் தெரியுமா?" என்றார்.

நாங்கள் போனபோது அங்கே மின்சாரம் என்பது பொழுது சாய்ந்த பிறகு ஓடும் ஜெனரேட்டர்தான். விளக்கு எரிந்த நிமிடமே ஊர் முழுக்க அயர்ன் பாக்ஸ், டிவி, டாங்டுட் என்கிற அந்த ஊர்க் குத்துப் பாட்டு எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். எங்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் யார் யார் வீட்டு போன்களோ தொங்கும். நடு ராத்திரிக்கு முன்னாலேயே பட்டென்று எல்லாம் அணைந்துவிடும். ஒரு ராத்திரி எதிர்வீட்டில் கரோக்கியில் உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தவருக்கு பாட்டின் நடுவே கரண்ட் போய்விட்டது. மனிதர் அசரவில்லை. இருட்டிலேயே மீதிச் சரணத்தையும் பாடி முடித்துவிட்டுத்தான் படுத்தார். மைக் இல்லாமல் கேட்டபோது அவர் நன்றாகவே பாடினார்.

குளியலறையில் ஷவர் கிடையாது. தொட்டி நிறையத் தண்ணீர், மேலே ஒரு பிளாஸ்டிக் மக். வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்து முழிப்பார்களாம். நமக்கென்ன, பிறந்தது முதல் பழக்கம். என் மனைவி பயணத்திலேயே முதல் முறையாகத் திருப்தியாகக் குளிக்கப் போனாள். ஆனால் ருன்னில் ஆறும் இல்லை, ஊற்றும் இல்லை. தகரக் கூரையில் விழுந்து, பீலி வழியாக சிமென்ட் தொட்டிக்குப் போகும் மழைநீர்தான் குடிக்க, குளிக்க, எல்லாவற்றுக்கும். இபுவின் மாமியார் குளியலறைக்கு வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைத்தோம். பாட்டி மக் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார்! ஐந்தாவது மக்குக்கு ஒரு செருமல். ஆறாவதுக்குக் கொஞ்சம் பெரிய செருமல். ஏழாவது மக் ஊற்றும் தைரியம் எங்கள் இருவருக்கும் வரவில்லை.

இந்தத் தண்ணீர்க் கஷ்டம் இன்று நேற்று வந்ததல்ல. 1616 கடைசியில் நத்தானியேல் கோர்ட்ஹோப் என்ற ஆங்கிலேயர் ஒரு சிறு கூட்டத்தோடு இங்கே வந்து இறங்கி, டச்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுக்காமல் 1620இல் சாகும்வரை கிட்டத்தட்ட நான்கு வருடம் தாக்குப்பிடித்தார். அவர்களும் மழைத் தண்ணீரை நம்பித்தான் பிழைத்தார்கள். எல்லாம் ஜாதிக்காய்க்காக. அன்றைக்கு உலகத்திலேயே பண்டா தீவுகளில் மட்டும்தான் அது விளைந்தது. கடைசியில் 1667இல் பிரெடா ஒப்பந்தம் போட்டு, ருன் டச்சுக்காரர்களுக்கு, இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆங்கிலேயர்களுக்கு என்று முடித்துக்கொண்டார்கள். நியூயார்க்குக்கு ஈடாகப் போன ஊர் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போனில் ஒரு கோடு சிக்னல் வாங்க எங்கே போய் நிற்கவேண்டும் என்பதும் தெரியும்.

இன்னமும் ஊருக்குச் சோறு போடுவது ஜாதிக்காயும் மீனும்தான். பெரிய கெனாரி மரங்களின் நிழலில் ஜாதி மரங்கள் நிற்கின்றன. மூங்கில் கழி நுனியில் சின்னக் கூடை கட்டி, பழுத்து வெடித்த காயை மட்டும் அதில் விழுகிற மாதிரி பறிக்கிறார்கள். நீலகிரியில் பர்லியாறு பண்ணையில் ஜாதிக்காய் மரம் பார்த்திருக்கிறேன், ஆனால் காயை உரிக்கும் இடத்தில் உட்கார்ந்தது இங்கேதான். மஞ்சள் தோலைப் பிளந்தால் உள்ளே கருப்புக் கொட்டை, அதை வலை மாதிரி சுற்றிக்கொண்டு குங்குமச் சிவப்பில் ஜாதிபத்திரி. அதைக் கிழிக்காமல் உருவி எடுக்கவேண்டும். இபு பேச்சுக் கொடுத்தபடியே உருவுவார். என் கையில் வந்ததெல்லாம் தூள். பிரியாணியில் போடுவதற்குத்தானே என்று சமாதானம் சொன்னேன். எடுபடவில்லை. பழத்தின் சதையையும் வீணாக்குவதில்லை. மீன் குழம்பில் புளிப்புக்குப் போடுகிறார்கள், மூன்று வேளையும் அதை ஊற்றிச் சாப்பிடலாம். மூன்று வேளையும் அதைத்தான் ஊற்றினார்கள் என்பது வேறு விஷயம்.

பத்திரிக்கு நல்ல வெயில் வேண்டும். ஈரம் பட்டால் பூசணம் பிடித்துவிடும், விலை போகாது. தொட்டிக்கோ மழை வேண்டும். ஆக, இபு தினமும் காலையில் வாசலில் பத்திரியைப் பரப்பிவிட்டு, மழை வரக் கூடாது என்று மேலே பார்ப்பார். மாமியார் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, வரவேண்டும் என்று மேலே பார்ப்பார். ஒரே வீடு, ஒரே வானம். இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை ஒன்றும் கிடையாது. பார்வையிலேயே எல்லாம் நடந்தது.

அன்றைக்கு மாமியார் கட்சி ஜெயித்தது. மத்தியானம் கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, யோசிக்க நேரம் கொடுக்காமல் கொட்ட ஆரம்பித்தது. "பத்திரி! பத்திரி!" என்று இபு பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னை இன்னொரு முனைக்கு இழுத்தார். "வாளி! வாளி!" என்று பாட்டி ஒரு வாளியை என் கையில் திணித்தார். நான் ஒரு கையில் பாயும் ஒரு கையில் வாளியுமாக வாசற்படியில் மாட்டிக்கொண்டேன். யார் சொல்வதைக் கேட்பது? மாமியார் மருமகள் விவகாரத்தில் அனுபவம் உள்ள என் மனைவி ஒரு நொடிகூடத் தயங்காமல் பாட்டி பக்கம் போய்ப் பீலிக்கு அடியில் அண்டாவை வைத்தாள். பாயின் என் முனை சரிந்தது. உள்ளே போகவேண்டிய பத்திரியில் ஒரு பங்கு, வெளியே போய்க்கொண்டிருந்த வாளியில் விழுந்தது. இபு அதை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி மட்டும் முக்காலியில் உட்கார்ந்து சிரி சிரி என்று சிரித்தார். அன்று சாயங்காலம் நான் பத்து மக் ஊற்றிக் குளித்தேன். ஒரு செருமல் இல்லை.

நாங்கள் கிளம்பிய காலையில் இபுவும் பத்திரிப் பையோடு அதே படகில் நெய்ரா வந்தார். வியாபாரி கையை உள்ளே விட்டு அள்ளி, முகர்ந்து, ஒரு இதழை வளைத்துப் பார்த்தார். அது ஒடியாமல் வளைந்தது.

"மழையில் நனைஞ்சுதா?" என்றார்.

"மழை இல்லை, இந்தியர்" என்று இபு என்னைக் கைகாட்டினார்.

வியாபாரி முகம் மலர்ந்துபோய் "அச்சா! அச்சா! ஷாருக் கான்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கி முடித்துவிட்டு, கிலோவுக்கு எவ்வளவு குறைக்கலாம் என்று கால்குலேட்டரை எடுத்தார்.