அக்கா கேட்ட இரண்டாவது கேள்வி

நான் பழ ஈக்களுக்கு மது கொடுத்து ஆராய்கிறவன் என்பது இலங்கையில் ஹட்டன் பக்கத்து எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்தும் மலைக்கு ஏறாமல் நின்று கேட்டார்: "தம்பி, குடி ரத்தத்துல வர்றதா? எம் மகனும் அவங்க அப்பா மாதிரிதான் ஆவானா?"

"ரத்தம் மட்டும் இல்லக்கா" என்றேன். 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வைச் சொன்னேன். ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஈ, ஆண் ஈயை அண்ட விடாது. அப்படித் திரும்பத் திரும்ப விரட்டப்பட்ட ஆண் ஈக்கள், துணை கிடைத்தவற்றைவிட மது கலந்த உணவை அதிகம் நாடின. அவற்றின் மூளையில் நியூரோபெப்டைடு எஃப் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் பொருள் குறைந்திருந்தது. அந்த அமைப்பைத் தூண்டிவிட்டால் மது நாட்டமும் குறைந்தது. "ரெண்டும் ஒரே மாதிரி ஈதான்க்கா. பட்டதுதான் வேற."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "அப்போ நான் வளத்ததுதான் சரியில்லயா?"

இல்லை என்றேன். அதற்குள் கங்காணி கூப்பிட்டுவிட்டார்.

குடிநோயில் மரபின் பங்கு ஏறத்தாழ பாதி என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. அதை நான் சொல்லவில்லை. அந்தப் பாதி, மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் பாதி. ஒரு பையனின் தலையெழுத்தில் பாதி அல்ல. பல்கலைக்கழக மாணவர்களே தடுமாறும் இடம் இது. பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டு எப்படி விளக்குவது? சொல்லாதது சரிதான். ஆனால் சொல்லியிருந்தால் அவர் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருக்குமே என்றும் தோன்றுகிறது. இறங்கி மகன் தலையில் ஏறியிருக்கும்.

மரபணு போக மிச்சம் எல்லாவற்றையும் நாங்கள் சூழல் என்று எழுதிவிடுகிறோம். ஆய்வகத்தில் ஈ எதைத் தின்ன வேண்டும், யாரோடு இருக்க வேண்டும், எப்போது விளக்கு அணைய வேண்டும் என்பதையெல்லாம் நான் தீர்மானிக்கிறேன். அக்கா எதைத் தீர்மானித்தார்? கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்துக்கு ஓடியதையா? சம்பள நாளில் கணவர் எங்கே போகிறார் என்பதையா? அந்தச் சூழலுக்குள் தோட்டமும் உண்டு, சம்பளமும் உண்டு, சாராயக் கடையும் உண்டு. அவர் காதில் விழுந்தது தன் பெயர் மட்டும்.

மறுபடி கேட்டாலும் முதல் கேள்விக்கு அதே பதிலைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஈயை விட்டுவிட்டு அவர் வாழ்க்கையைப் பற்றியே பேசியிருக்கலாம்தான். ஆனால் ஈயைத் தெரிந்தவன் என்பதற்காகத்தானே என்னிடம் வந்து கேட்டார்.