வார்டு நாட்குறிப்பு

மார்ச் 3
அம்மாவைச் சேர்த்தாயிற்று. ஜன்னலோரக் கட்டில். திருத்த வேண்டிய 62 விடைத்தாள்களும் என்னோடு வந்துவிட்டன. பக்கத்துக் கட்டில் பாட்டியின் மகன், வந்ததும் வராததுமாக வார்டு பாயிடம் கத்தினார். இவருக்குப் பக்கத்தில் எத்தனை நாளோ.

மார்ச் 4
ரிசல்ட் வரவில்லை.

மார்ச் 5
போன்காரர் (அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறேன்) காலையிலிருந்து போனைக் காதை விட்டு எடுக்கவில்லை. பெற்றவள் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள், அப்படி என்ன பேச்சு? கல்நெஞ்சு. தம்பி இன்றும் வரவில்லை. பாவம், அவனுக்கு ஆபீசில் ஆயிரம் தொல்லை.

மார்ச் 6
நேற்று எழுதியதைப் படித்தேன். போன்காரருக்கு மனசில்லையாம், தம்பிக்கு நேரமில்லையாம். வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம். அடுத்தவர் செய்வதற்குச் சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தையே காரணம் காட்டுகிற இந்தப் பிழைக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977-ல் பெயரே வைத்துவிட்டார். கரும்பலகையில் எழுதிப் போட்டு அடிக்கோடும் இடுவேன்.

மார்ச் 7
தூக்கமில்லை. மூன்றாம் கேள்வியைத் திருத்திக்கொண்டிருந்தேன். உளவியலாளர் சாலமன் ஆஷின் சோதனை, 1946. ஒரே ஆளைப் பற்றி ஆறு சொற்கள்: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறைகாண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். இதே வரிசையில் கேட்டவர்களுக்கு அவர் திறமைசாலி, சில குறைகள் உண்டு, அவ்வளவுதான். பொறாமையில் தொடங்கித் தலைகீழாகக் கேட்டவர்களுக்கு அவர் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஒரு பையன் ஆறையும் கலைத்துப் போட்டு எழுதியிருக்கிறான். வரிசைதானப்பா கேள்வியே! அரை மதிப்பெண் போட்டேன்.

நான் முதலில் பார்த்தது கத்தலை. அன்று சாயங்காலம் அதே ஆள் பாட்டிக்குச் சிக்கெடுத்துத் தலை வாரிப் பின்னல் போட்டார். அதையும் பார்த்தேன். நாலு பேர் பார்க்கட்டும் என்று செய்கிறார் என்றுதான் தோன்றியது. இங்கே எழுதக்கூட இல்லை. பின்னலை முதலில் பார்த்திருந்தால், கத்தியதை 'அம்மாவை நினைத்துப் பதற்றம்' என்று எழுதியிருப்பேன்.

மார்ச் 8
ஒரே தாளை முழுக்கத் திருத்தினால் முதல் விடையின் அழகு கடைசி விடை வரைக்கும் மதிப்பெண் வாங்கித் தந்துவிடும். 1920-ல் உளவியலாளர் தார்ன்டைக் ராணுவ அதிகாரிகளின் மதிப்பீடுகளில் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான். உடற்கட்டுக்கு நல்ல மதிப்பு வாங்கியவருக்கு அறிவுக்கும் தலைமைக்கும் சேர்த்தே விழுந்திருந்தது. அதனால் 62 பேரின் முதல் விடையையும் முடித்துவிட்டுத்தான் இரண்டாவதுக்குப் போகிறேன். போட்ட மதிப்பெண்ணை மடித்து மறைத்துவிடுகிறேன். தாளுக்கு இது முடிகிறது. மனுஷரை எங்கே மடிப்பது?

அம்மாவுக்கு லேசான காய்ச்சல்.

மார்ச் 9
போன்காரர் சார்ஜர் கேட்டார். இல்லை என்றேன். பையில் இருந்தது.

மார்ச் 10
புதிதாக வந்த சிஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "நீங்கதானே அந்த பேப்பர் டீச்சர்? அம்மா தண்ணி கேட்டாக்கூட நிமிர மாட்டீங்கன்னு சொன்னாங்க" என்றாள். திருத்திக் கொடுக்கக் கெடு நெருங்குகிறது, ராத்திரியில் அம்மா தூங்கவிடுவதில்லை என்றெல்லாம் விளக்கினேன். தேவைக்கு மேல் விளக்கினேன். யார் சொன்னது? அவராகத்தான் இருக்கும்.

மார்ச் 11
தம்பி வந்தான். 20 நிமிஷம் இருந்தான், அதில் 12 நிமிஷம் போனில். அம்மா அவன் கையை விடவே இல்லை. அவன் போன பிறகு, "எளைச்சுட்டான்டி" என்றாள். நான் இளைத்தது அவள் கண்ணில் படவில்லை. இதற்கும் ஏதாவது பெயர் இருக்கும்.

மார்ச் 12
விடியற்காலையில் கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். வீட்டுக்குப் போய்விட்டார்களா என்று சிஸ்டரிடம் கேட்க வாய் வரவில்லை. தரையில் ஒரு சீப்பு கிடந்தது. எடுத்து ஜன்னலில் வைத்தேன்.

மார்ச் 13
19 தாள் பாக்கி. சீப்பு அங்கேயே இருக்கிறது. டாக்டர் உள்ளே கூப்பிடுகிறார், தம்பி இன்னும்