ஜாஸ் கேட்க 1959-க்குப் போக வேண்டியதில்லை

ஜாஸ் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று யார் விசாரித்தாலும், மைல்ஸ் டேவிஸ் 1959-இல் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பத்தைக் கைகாட்டிவிடுவது இசை ரசிகர்களிடையே ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அந்த ஆல்பத்தின் அருமையில் எனக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. ஆனால் ஜாஸ் என்பது முடிந்துபோன ஒரு காலத்தின் இசை, அதில் இனி அகழ்வாராய்ச்சி மட்டுமே மிச்சம் என்ற எண்ணத்தையும் அந்தப் பரிந்துரை கூடவே விதைத்துவிடுகிறது. புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் வந்த ஆல்பங்களையே நான் முதலில் சொல்வேன். இன்றைய கலைஞர்கள் தங்கள் முன்னோரின் இசையைத் தங்கள் வாசிப்புக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்பதால், புதியதில் மனம் ஒன்றியவருக்குப் பழையதை நோக்கிய பாதை தானாகவே திறக்கும்.

முதலில் சொல்ல வேண்டியது விஜய் ஐயரின் ‘கம்பாஷன்’. இசிஎம் என்ற இசைப்பதிவு நிறுவனம் இதை 2024 பிப்ரவரியில் வெளியிட்டது. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் பிறந்த பியானோ கலைஞரான விஜய் ஐயர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருக்கிறார். மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த லிண்டா மே ஹான் ஓ டபுள் பாஸும், டைஷான் சோரி ட்ரம்ஸும் வாசிக்கிறார்கள். இதே மூவர் 2021-இல் ‘அன்ஈஸி’ என்ற ஆல்பத்தைத் தந்தவர்கள். அப்போது இருந்த இறுக்கம் இதில் சற்றுத் தளர்ந்து, ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடித்துவைக்கும் அளவுக்கு நெருக்கம் கூடியிருக்கிறது.

இதில் ஸ்டீவி வொண்டரின் ‘ஓவர்ஜாய்டு’ பாடலை, 2021-இல் மறைந்த பியானோ கலைஞர் சிக் கொரியாவின் நினைவாக வாசித்திருக்கிறார்கள். மூலப் பாடலை அறிந்தவர்களுக்கு அதன் மெட்டு எங்கே மறைகிறது, எங்கே மீண்டும் தலைகாட்டுகிறது என்று பின்தொடர்வதே பெரிய சுவை. ராஸ்கோ மிட்செலின் ‘நோனா’வும் ஜெரி ஆலனின் ‘டிரம்மர்ஸ் சாங்’கும் இதே ஆல்பத்தில் இருக்கின்றன. மிட்செல், ஆலன் என்ற இந்த இரண்டு இசையமைப்பாளர்களைத் தேடிப் போனாலே சிகாகோவிலும் டெட்ராய்டிலும் வேர்கொண்ட இரண்டு பெரிய மரபுகளின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரு சிறிய யோசனையும் சொல்கிறேன். முதல் முறை பியானோவைக் கேளுங்கள்; அடுத்த முறை பியானோவை மறந்துவிட்டு பாஸை மட்டும் கேளுங்கள். தாளத்தின் பொறுப்பு ட்ரம்ஸிடம்தான் இருக்கிறது என்று நாம் வழக்கமாக நம்புவது எவ்வளவு பிழையானது என்று லிண்டா ஓவின் விரல்கள் காட்டிவிடும்.

இளையவர்களின் ஆல்பம் என்று நினைத்துக் கேட்டால் ஏமாந்துபோகக்கூடிய ஒன்று, சாக்ஸஃபோன் கலைஞர் சார்ல்ஸ் லாய்டின் ‘தி ஸ்கை வில் ஸ்டில் பி தேர் டுமாரோ’. அவருடைய 86-ஆவது பிறந்தநாளான 2024 மார்ச் 15 அன்று புளூ நோட் நிறுவனம் வெளியிட்ட இரட்டை ஆல்பம் இது. அவருடன் ஜேசன் மொரான் பியானோவும், லாரி கிரெனடியர் பாஸும், பிரையன் பிளேடு ட்ரம்ஸும் வாசிக்கிறார்கள். மெம்ஃபிஸ் நகரத்துப் பிள்ளைப் பருவ நண்பரான ட்ரம்பெட் கலைஞர் புக்கர் லிட்டிலுக்காக ஒரு பாடல், பாடகி பில்லி ஹாலிடேவுக்காக ஒரு பாடல் என்று தன் வாழ்க்கையில் கடந்துபோனவர்களை லாய்டு அழைத்துக்கொண்டே செல்கிறார். லாய்டு முதுமையை மறைக்க முயலவில்லை; மூச்சு மெலியும் இடங்களை அப்படியே விட்டிருக்கிறார், அந்த இடங்களே எனக்கு மிகவும் பிடித்தவை. ஒரே அமர்வில் முழுவதையும் கேட்க நீளம் அதிகம்தான். இரண்டு இரவுகளாகப் பிரித்துக் கேட்டால் நட்டமில்லை.

புதிய ஆல்பங்கள் என்று சொல்லிவிட்டு 1971-இல் பதிவானதைச் சேர்ப்பது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் பியானோவும் ஹார்ப்பும் வாசித்த ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘தி கார்னகி ஹால் கான்செர்ட்’ முறையாக முழுமையாக வெளிவந்தது 2024-இல்தான். 1971 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடந்த அந்தக் கச்சேரி, சுவாமி சச்சிதானந்தாவின் யோகா நிலையத்துக்கு நிதி திரட்டுவதற்கான நிகழ்ச்சியின் ஒரு பகுதி. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் பிறந்து, 1969-இல் வுட்ஸ்டாக் இசை விழாவின் தொடக்கத்தில் உரையாற்றியவர் அவர். கணவரும் சாக்ஸஃபோன் மேதையுமான ஜான் கோல்ட்ரேன் 1967-இல் மறைந்த பிறகு ஆலிஸ் ஆறுதல் தேடிச் சென்றது அவரிடம்தான்; ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ என்ற புகழ்பெற்ற ஆல்பத்துக்குப் பெயர் வந்ததும் அப்படித்தான்.

இந்தக் கச்சேரியில் இரண்டு சாக்ஸஃபோன்கள், இரண்டு பாஸ்கள், இரண்டு ட்ரம்ஸ், கூடவே தம்புராவும் ஹார்மோனியமும். முதல் இரண்டு பாடல்களில் ஆலிஸ் ஹார்ப் வாசிக்கிறார். சுருதியின் மேல் அலையலையாகப் பரவும் அந்த நாதம் நம் காதுகளுக்கு அந்நியமாகவே இருக்காது. பிறகு பியானோவுக்கு மாறி, கணவர் இயற்றிய ‘ஆஃப்ரிக்கா’, ‘லியோ’ இரண்டையும் ஒவ்வொன்றும் இருபது நிமிடங்களைத் தாண்டும்படி வாசிக்கும்போது, ஃபாரோ சாண்டர்ஸும் ஆர்ச்சி ஷெப்பும் சாக்ஸஃபோனில் எழுப்பும் முழக்கத்துக்குக் கொஞ்சம் மனத்தயாரிப்பு தேவை. வாத்தியங்களைத் தனித்தனித் தடங்களில் பதிந்த அசல் பல்தட ஒலிநாடாக்கள் தொலைந்துவிட்டதால் எஞ்சிய இரண்டு தடப் பிரதியிலிருந்தே இதை உருவாக்கியிருக்கிறார்கள். ஒலித்தெளிவைப் பெரிதாக மதிப்பவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தக் கச்சேரியின் தொடர்ச்சியாகவே கணவ்யாவின் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ ஆல்பத்தைக் கேட்க வேண்டும். நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கணவ்யா, 2024 நவம்பரில் வெளிவந்த இதில் ஆலிஸின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’வையும் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ படைப்பையும் தன் குரலுக்குள் வாங்கிக்கொண்டிருக்கிறார். எஸ்பரான்சா ஸ்பால்டிங், ஷபாகா, விஜய் ஐயர் எனப் பெரிய கூட்டமே உடன் இருக்கிறது. இதை ஜாஸ் என்று வகைப்படுத்தலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம்; பஜனைக்கும் மனோதர்மத்துக்கும் நடுவே ஒரு கூட்டமாகச் சேர்ந்து பாடுவதன் உணர்வு இதில் இருப்பதே எனக்குப் போதுமானது.

கணவ்யாவின் குரலை இமானுவேல் வில்கின்ஸின் ‘புளூஸ் பிளட்’ ஆல்பத்திலும் கேட்கலாம். 1997-இல் பிறந்த ஆல்ட்டோ சாக்ஸஃபோன் கலைஞரான வில்கின்ஸ், 1964-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கைதாகிக் காவலர்களால் அடிக்கப்பட்ட கறுப்பின இளைஞர் டேனியல் ஹாமின் வாக்குமூலத்திலிருந்து தலைப்பை எடுத்திருக்கிறார். இவ்வளவு கனமான பொருளை எடுத்துக்கொண்ட ஆல்பம் முழக்கமாக இருக்கும் என்றே எதிர்பார்த்தேன். பல இடங்களில் தாலாட்டைப் போல நகர்கிறது. வில்கின்ஸ் தன் சாக்ஸஃபோனைப் பாடகர்களுக்குப் பின்னால் நிறுத்திக்கொள்வதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுவே இந்த ஆல்பத்தின் துணிச்சலாகப் படுகிறது.

2025-இல் வந்தவற்றில் நான் அதிகம் மகிழ்ந்து கேட்டது பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் நால்வர் குழுவின் ‘பிலாங்கிங்’. பியானோ கலைஞர் கீத் ஜாரெட் 1974-இல் ஓஸ்லோவில் இதே பெயரில் பதிவுசெய்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை மீண்டும் வாசிப்பது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஜாரெட்டின் ஆல்பத்தில் வாசித்த யான் கார்பரெக்கின் குளிர்ந்த, கூரிய சாக்ஸஃபோன் ஒலிக்குப் பதிலாக பிரான்ஃபர்டின் தடித்த ஒலி வந்து அமர்ந்ததும் பாடல்களின் குணமே மாறிவிடுகிறது. ‘தி வைண்ட்அப்’ பாடலில் ஜஸ்டின் ஃபாக்னரின் ட்ரம்ஸைக் கேட்டுவிட்டு, அதே பாடலை ஜாரெட்டின் குழுவில் யோன் கிறிஸ்டென்சன் எப்படி வாசித்தார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மெட்டு இரண்டு கைகளில் எவ்வளவு வேறுபடும் என்பதை விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சாக்ஸஃபோனை ஒதுக்கி வைத்துவிட்டுப் புல்லாங்குழல்களுக்கு மாறிய ஷபாகாவின் 2024 ஆல்பத்தை எல்லோரும் கொண்டாடினார்கள். ஒலி அழகானதுதான், ஆனால் பாதிக்கு மேல் பாடல்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடுவதாக எனக்குப் பட்டது.

விஜய் ஐயரும் ட்ரம்பெட் கலைஞர் வடாடா லியோ ஸ்மித்தும் இணைந்து 2025 மார்ச்சில் தந்த ‘டிஃபையண்ட் லைஃப்’ மட்டும் தொடக்கக்காரர்களுக்கு உரியதல்ல. காங்கோவின் முதல் பிரதமர் பத்ரீஸ் லுமும்பாவுக்காக ஸ்மித்தும், காசாவில் கொல்லப்பட்ட கவிஞர் ரெஃபாத் அலாரீருக்காக ஐயரும் ஒவ்வொரு பாடல் இயற்றியிருக்கிறார்கள். கையால் தட்டிப் போடும் தாளமோ, முணுமுணுக்கக்கூடிய மெட்டோ இதில் கிடையாது. எண்பதைக் கடந்த ஸ்மித் ஒரு சுரத்தை ஊதிவிட்டு, அது முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததை ஊதுகிறார். வேறு வேலை செய்துகொண்டே கேட்டால் இதில் எதுவும் பிடிபடாது. ‘கம்பாஷன்’ உங்களுக்கு நன்றாகப் பழகிய பிறகு, நேரம் ஒதுக்கிக்கொண்டு இதை எடுங்கள்.